ஆயாவின் பேச்சைத் திருத்தாதீர்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் ஓர் ஆயா, அதாவது பாட்டி, வாசல்படியில் உட்கார்ந்து சின்ன வயசுக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். "பயத்த எல்லாம் கூடையில வச்சி, எங்கம்மா என்னியும் கூட்டிக்கினு மார்க்கெட்டுக்குப் போவும்" என்றார். நான் நோட்டில் இப்படி எழுதினேன்: "பழங்களைக் கூடையில் வைத்து, என் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போவார்." ரெக்கார்டர் எடுத்துப் போகவில்லை. ஆயா சொன்ன இந்த ஒரு வரி மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. ஆயா போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. நோட்டு நாற்பது பக்கம் இருக்கிறது, ஆனால் அதில் ஆயாவின் பேச்சு இல்லை.

டர்பன் இருக்கும் குவாசூலு நேட்டால் மாகாணத்தில் வயதானவர்களின் தமிழைச் சேகரிப்பது என் வேலை. எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். வீட்டில் 'வாளப்பளம்' என்போம், பாட்டியை 'ஆச்சி' என்போம். அந்த ஆயா பழத்தைப் 'பயத்த' என்றபோது, பல் போன வாய், அதனால்தான் என்று நினைத்துவிட்டேன். அது பல் விஷயமே இல்லை. தெற்கே ழகரம் ளகரமாகும். சென்னை, செங்கல்பட்டு, பழைய வட ஆற்காடு பக்கம் யகரமாகும். 'கூட்டிக்கிட்டு' என்று மதுரைக்காரர் சொல்வதை அந்தப் பக்கம் 'கூட்டிக்கினு' என்பார்கள். பாட்டியை 'ஆயா' என்பதும் வடக்கே அதிகம் புழங்குவதுதான். கொங்குப் பக்கத்துக் குடும்பமாக இருந்திருந்தால் அப்பத்தா, அம்மாயி என்று வந்திருக்கலாம். அம்மாவைப் பற்றிச் சொல்லும்போது 'போவும்' என்று முடித்தாரே, அதில் மரியாதைக் குறைவு கொஞ்சமும் கிடையாது, நெருக்கம்தான் இருக்கிறது. அதை நான் 'போவார்' ஆக்கினேன். இன்றைக்கும் அந்தப் பக்கத்தைத் திறந்தால் மனசு கஷ்டப்படுகிறது.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் வந்து நின்றது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்தவர்கள் 1,52,184 பேர். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள். கப்பல் பதிவேட்டில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் உண்டு. எழுதிய குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியதால், கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலி மூட்லி ஆனார். கிராமப் பெயர்களின் கதி இதைவிட மோசம்.

"எங்க ஊர் எதுன்னு கண்டுபிடிச்சுக் கொடுங்க" என்று குடும்பங்கள் என்னிடம் வரும். பதிவேட்டில் 'வட ஆற்காடு' என்று இருந்தால், நேராக வேலூருக்கு டிக்கெட் போடப் பார்ப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். கடைசிக் கூலிக் கப்பல் வந்த அதே 1911-இல்தான் சித்தூர் தனி ஜில்லாவாகப் பிரிந்தது. அதற்கு முன்பு அதன் பெரும் பகுதி வட ஆற்காட்டில் இருந்தது. ஆகவே உங்கள் கொள்ளுத்தாத்தாவின் கிராமம் இன்றைக்கு ஆந்திராவில் இருக்கலாம். பதிவேடு தடுமாறும் இப்படிப்பட்ட இடத்தில் பேச்சு கைகொடுக்கும். வீட்டில் அப்பாவை 'நைனா' என்றார்களா? திட்டும்போது தெலுங்கு கலந்ததா? இந்த மாதிரிச் சின்னக் கேள்விகளுக்குப் பேரப்பிள்ளைகளிடம் பதில் இருப்பதில்லை. ஆயாவிடம் இருக்கும்.

அதே சமயம் ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஊரை முடிவு செய்யாதீர்கள். கரும்புத் தோட்டத்து லைன் வீடுகளில் வட ஆற்காட்டுக்காரர், சேலத்துக்காரர், தஞ்சாவூர்க்காரர் எல்லாரும் அடுத்தடுத்துக் குடியிருந்து, பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். அப்புறம் 1960-களில் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் பேரில் ஜனங்களைப் பழைய இடங்களிலிருந்து பெயர்த்துச் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து போட்டது அரசு. பேச்சு இன்னொரு முறை கலந்தது. ஒரே ஆள் வாயில் 'கினு'வும் 'கிட்டு'வும் வரும். அதைக் குழப்பம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனசு வராது. அந்தக் கலப்புதான் நேட்டால் தமிழ்.

இந்த மண்ணில் சேர்ந்த சொற்களும் அப்படித்தான். சேப்பங்கிழங்குக்கு இங்கே 'மடும்பி', சூலுவிலிருந்து வந்தது. மக்காச்சோளம் 'மீலி'. நம் ஊரில் தனியா என்றால் விதை மட்டும், இங்கே கொத்தமல்லித் தழையும் தனியாதான். பட்டியல் எடுக்க வரும் சிலர் இவற்றை 'தமிழ் இல்லை' என்று அடித்துவிடுகிறார்கள். நூறு வருஷமாக ஒரு சமையலறையில் புழங்கிய சொல்லை வெளியே தள்ள நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியல் சாசனத்தின் 6-ஆவது பிரிவு, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழையும் பேர் சொல்லிக் குறிக்கிறது. பெருமைதான். ஆனால் வகுப்பில் பாட்டுக்கும் பரீட்சைக்கும் சொல்லித்தருவது புத்தகத் தமிழ். பிள்ளை வீட்டுக்கு வந்து "ஆயா, அது தப்பு, பழம்னு சொல்லு" என்கிறது. ஆயா சிரித்துக்கொண்டே ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார். பல வீடுகளில் இதை நேரிலேயே பார்த்திருக்கிறேன். மாறியவர் திரும்பித் தமிழுக்கு வருவதில்லை.

உங்கள் வீட்டில் தமிழ் பேசும் பெரியவர் இருந்தால், இந்த வாரமே போனில் பதிவு செய்யுங்கள். முதலில் அனுமதி கேளுங்கள். "இதுக்குத் தமிழ்ல என்ன?" என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் பரீட்சை எழுதுவதுபோல் 'நல்ல தமிழ்' தேடிப் பதில் சொல்வார்கள். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சியது, கரும்பு வெட்டப் போனது, டர்பனில் நகராட்சி இந்தியத் தொழிலாளர்கள் குடியிருந்த மகசீன் பாரக்ஸில் மழைக்கு ஒழுகிய வீடு, இப்படி நடந்ததைக் கேளுங்கள். நடுவில் ஆங்கிலம் வந்தால் நிறுத்த வேண்டாம், அதுவும் பேச்சுதான். என்னைப் போல இந்தியாவிலிருந்து வந்த ஆளைப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள், பேச்சு உடனே விறைத்துப்போகும். எழுதுவதானால் காதில் விழுந்தபடியே எழுதுங்கள். யார், எந்தத் தோட்டம், அம்மா வழியா அப்பா வழியா என்பதைப் பதிவின் பெயரிலேயே போட்டு வையுங்கள்.

போன மாதம் டர்பனுக்கு வடக்கே உள்ள மவுண்ட் எட்ஜ்கோம்பிலிருந்து ஒரு பெண் 11 நிமிடப் பதிவு அனுப்பியிருந்தாள். அவளுக்குத் தமிழ் வராது. தாத்தா பேசப் பேச 'ம்' மட்டும் கொட்டிக்கொண்டிருக்கிறாள். அந்த 11 நிமிடத்தில் 'கினு' ஏழு தடவை வருகிறது, 'பயம்' இரண்டு தடவை. மூன்று இடத்தில் தாத்தா என்ன சொல்கிறார் என்று எனக்கே புரியவில்லை. அவற்றைக் கேட்டபடி அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.