நிரம்பிய தடுப்பணை

பிரான்சின் தென்கிழக்கில், ஆல்ப்ஸ் மலை தாழ்ந்து இறங்கும் பக்கத்தில், தீஞ் நகருக்கு அருகே ட்ரே என்றொரு சிற்றூர். அங்கே சில ஓடைகளை 1980களிலிருந்து ஆய்வாளர்கள் அளந்து வருகிறார்கள். அவற்றில் ஒன்று லவால். 86 ஹெக்டேர் நிலத்தின் மழைநீர் அதில் வந்து சேர்கிறது. இன்னொன்று ப்ரூஸ்கே, 108 ஹெக்டேர். இரண்டிலும் ஒரே வகைப் பாறை, ஏறத்தாழ ஒரே மழை. லவாலின் மொட்டைச் சரிவுகள் ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் தேய்கின்றன. ப்ரூஸ்கேயிலிருந்து வெளியேறும் மண்ணோ அதில் நூறில் ஒரு பங்குகூடத் தேறாது. காரணம், ப்ரூஸ்கேயை 19ஆம் நூற்றாண்டிலேயே பழுதுபார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

சரி, மலையை எப்படிப் பழுதுபார்ப்பது? மரம் நட்டால் போதும் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். உண்மையில் அந்த வேலையில் மரத்தின் முறை கடைசியில்தான் வருகிறது.

அங்குள்ள பாறை களிமண்ணும் சுண்ணாம்பும் சேர்ந்து இறுகிய கருப்பு மார்ல். விரிசல்களில் புகுந்த தண்ணீர் குளிர்காலத்தில் உறைந்து, விரிந்து, பாறையை உடைக்கிறது. வெயில் ஏறும்போது உருகுகிறது, இரவில் மறுபடி உறைகிறது. வசந்தம் வருவதற்குள் சரிவு முழுக்கப் பொடிக்கல் போர்த்தியதுபோல் ஆகிவிடும். கோடையில் ஒரே ஓர் இடிமழை போதும், அத்தனையும் ஓடைக்கு வந்துவிடும். இந்தச் சரிவுகளில் மரங்களை வெட்டி, ஆடுகளையும் அளவில்லாமல் மேயவிட்டதால் பாறைக்கு மேலே இருந்த மெல்லிய மண் போர்வையும் போயிற்று.

அப்படி உருவான காட்டாறுகளை உட்கார்ந்து படித்தவர் அலெக்ஸாந்தர் சுரேல் என்ற இளம் பொறியாளர். 1841இல் வெளியான அவருடைய ஆய்வு காட்டாற்றை மூன்று உறுப்பாகப் பிரித்தது. மேலே மழையை வாங்கும் புனல் வடிவப் பள்ளம், நடுவே குறுகிய கால்வாய், அடிவாரத்தில் கல்லும் சேறும் வந்து விரியும் விசிறி மேடு. மலைநாட்டில் சமமான நிலம் அந்த விசிறியில்தான் கிடைக்கும். அதனால் ஊர்களையும் அங்கேதான் கட்டினார்கள். காட்டாறு தான் கொண்டுவந்து போட்ட இடத்துக்கே மறுபடி மறுபடி வந்தது.

1856இல் ரோன், லுவார் ஆறுகளில் பெருவெள்ளம். பேரரசர் மூன்றாம் நெப்போலியனே நேரில் போய்ப் பார்த்தார். நகரங்கள் மூழ்கிய பிறகுதான் மலையின் பக்கம் அரசு திரும்பியது, மலைகளில் காடு வளர்க்கும் சட்டம் 1860இல் வந்தது.

இனி வேலை. மொட்டைச் சரிவில் கன்று நட்டால் அடுத்த மழையில் கன்றோடு சேர்ந்து மண்ணும் போகும். ஏனென்றால் நோய் சரிவில் இல்லை, ஓடையின் தரையில் இருக்கிறது. தண்ணீர் தரையை அரித்து ஆழமாக்குகிறது, இரு கரைகளின் காலும் பறிபோகிறது, கரை சரிகிறது, அதற்கு மேலே உள்ள சரிவும் பிடிமானம் இழந்து இறங்குகிறது. ஆகவே முதலில் நிறுத்த வேண்டியது தரை கீழே போவதை.

அதற்குத்தான் தடுப்பணை. நம் ஊர்த் தடுப்பணை தண்ணீரைத் தேக்க; மண் சேர்ந்தால் தூர்வாரச் சொல்லி மனுக் கொடுப்போம். ஆல்ப்ஸில் கட்டியது மண் சேர்வதற்காகவே. சில வெள்ளங்களில் அணையின் முதுகுப்பக்கம் கல்லும் சரளையும் நிரம்பிவிடும். அதற்குப் பிறகுதான் அது வேலையைத் தொடங்குகிறது. ஓடையின் தரை அணை உயரத்துக்கு ஏறிவிட்டது. பறிபோன கரைகளின் காலில் மண் முட்டுக் கொடுத்து நிற்கிறது. செங்குத்தாக இருந்த பாதை படிக்கட்டாகிவிட்டது. தண்ணீர் ஒவ்வொரு படியிலும் விழுந்து அங்கேயே தன் வேகத்தைச் செலவழிக்கிறது, கல்லை உருட்ட மிச்சமிருப்பது குறைவு. ஓர் அணையில் சேர்ந்த மேடு மேலே உள்ள அணையின் அடித்தளத்தைக் காக்கும்படி இடைவெளியைக் கணக்கிட வேண்டும். கீழே ஓர் அணை விழுந்தால் மேலே உள்ளவை வரிசையாக ஆட்டம் காணும். பார்சலோனெத் ஊருக்கு அருகே ரியூ பூர்து என்ற, அக்காலத்தில் பேரச்சம் தந்த காட்டாற்றில் இப்படி அணைமேல் அணையாகக் கட்டினார்கள்.

சின்னச் சின்ன ஓடைகளுக்குக் கல் கட்டடம் தேவைப்படவில்லை. கிளைகளைப் பின்னிய படல், குச்சிக் கட்டு, இவை போதும். இதில் ஒரு தந்திரம்: பச்சை வில்லோ கிளைகளைப் பயன்படுத்துவது. நம்மூரில் கிளுவைப் போத்தை வேலிக்கு நட்டால் துளிர்ப்பதுபோல் அதுவும் துளிர்க்கும். செத்த குச்சி மக்குவதற்குள் உயிருள்ள வேலி வேர் பிடித்துவிடும். எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

தரை நின்ற பிறகு சரிவில் புல், புதர், அப்புறம் மரம். பெரும்பாலும் ஆஸ்திரியக் கருப்பு பைன், எதுவும் விளையாத மார்லிலும் அது பிழைத்துக்கொள்ளும். ஊசியிலைச் சருகு மழைத்துளியின் அடியைத் தாங்குகிறது, வேர் பொடிக்கல்லைப் பிடிக்கிறது. ஆனால் காடு எல்லாவற்றையும் குடித்துவிடாது. மண் முழுக்க நனைந்த பின்னும் மழை கொட்டினால் தண்ணீர் கீழே வரத்தான் செய்யும். கூடவே கற்கள் வராமலிருப்பதுதான் பெரிய லாபம்.

மேய்ப்பவர்களுக்கு இதெல்லாம் கொடுமையாகத்தான் இருந்தது. சமவெளி நகரம் மூழ்கியதற்கு அவர்களுடைய மேய்ச்சல் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். எதிர்ப்பு கிளம்பியது. மரத்துக்குப் பதில் புல்லும் வளர்க்கலாம் என்று 1864இல் இன்னொரு சட்டம் விட்டுக்கொடுத்தது. 1882இல் வந்த சட்டம், ஆபத்து கண்ணெதிரே உள்ள நிலத்தில் மட்டும் அரசு கைவைக்கட்டும் என்று சுருக்கியது. அதன்பின் மக்கள் பிழைப்புத் தேடி மலையிறங்க, ஆடுகளும் குறைந்தன; பல சரிவுகளில் காடு தானாகவே திரும்பியது. வெற்றி முழுவதையும் பொறியாளர் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

வெற்றிக்கு ஒரு விலையும் உண்டு. ஓடும் தண்ணீருக்குச் சுமக்க ஏதாவது வேண்டும். மலையிலிருந்து சரளை வராவிட்டால் தன் தரையையே தோண்டும். 20ஆம் நூற்றாண்டில் த்ரோம் போன்ற ஆறுகளின் தரை இறங்கியது. ஆற்றில் சரளை அள்ளியது ஒரு காரணம், மலையில் அரிப்பு நின்றது இன்னொன்று. தரை இறங்கினால் பாலத்தின் அடித்தளம் வெளியே தெரியும், ஆற்றோர நிலத்தடி நீரும் கூடவே இறங்கும். ஒரு காலத்தில் கல்லை நிறுத்துவதற்காகப் பாடுபட்ட அதே பள்ளத்தாக்குகளில், எந்த ஓடையிலிருந்து எவ்வளவு கல்லை மறுபடி ஆற்றுக்கு விடலாம் என்ற பேச்சு இப்போது நடக்கிறது.