சிப் மெஷினும் சிடிசி ரோலரும்

"சிப் செய்யிறவங்கள்ல எவன் ஜெயிப்பான்னு தெரியாது சார். ஆனா அத்தனை பேருக்கும் மெஷின் குடுக்கிறவன் தோக்க மாட்டான்ல?"

கோத்தகிரிப் பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) வந்தவர் கேட்டார். சொந்தமாகத் தேயிலைத் தோட்டம், மகன் பெங்களூரில். கம்ப்யூட்டர், போன் சிப் தயாரிக்கும் மெஷினை விற்கும் நெதர்லாந்து நிறுவனம் ஏஎஸ்எம்எல்; அதன் பங்கில் பத்து லட்சம் போட யோசனை. நான் குன்னூரில் ஆடிட்டர். எந்தப் பங்கை வாங்கலாம் என்று சொல்வது என் வேலை இல்லை. ஆனால் ஆண்டறிக்கை படிக்கத் தெரியும். "நம்ம ஃபேக்டரிகளுக்கு சிடிசி மெஷின் வித்தவங்கள நெனச்சுப் பாருங்க" என்றேன். பல் வைத்த ரோலர்களுக்கு நடுவே இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டுவதுதான் சிடிசி மெஷின்.

90களில் இலைக்கு நல்ல விலை கிடைத்தபோது இங்கே ஃபேக்டரிகள் வரிசையாக எழும்பின. விலை விழுந்ததும் இலை வரத்து நிற்கவில்லை, தூளும் ஏலத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. புது மெஷின் கேட்கத்தான் ஆளில்லை. சிப் தொழிலிலும் இதே கதைதான். மெமரி சிப் விலை சரிந்தால் தயாரிப்பாளர்கள் முதலில் கைவைப்பது புது மெஷின் செலவில். சிப் மெஷின் விற்கும் அமெரிக்க நிறுவனமான லாம் ரிசர்ச்சின் வருவாய் 2023 ஜூனில் முடிந்த ஆண்டில் 1,740 கோடி டாலர். அடுத்த ஆண்டில் 1,490 கோடிக்கு இறங்கிவிட்டது.

ஏஎஸ்எம்எல் கதை இன்னும் வேடிக்கை. மிக நுண்ணிய கோடுகளை ஒளியால் சிப்பில் பதிக்கும் இயூவி மெஷினை உலகிலேயே அவர்கள் மட்டும்தான் செய்கிறார்கள், போட்டியே கிடையாது. 2024 அக்டோபரில் காலாண்டு முடிவு தவறுதலாக ஒரு நாள் முன்னதாகவே வெளியாகிவிட்டது. புது ஆர்டர் 260 கோடி யூரோ. சந்தை எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. அன்று ஒரே நாளில் பங்கு சுமார் 16 சதவீதம் சரிந்தது. இத்தனைக்கும் அந்த ஆண்டு வருவாய் கூடத்தான் செய்தது: 2,760 கோடி யூரோவிலிருந்து 2,830 கோடி. இன்றைய வருவாய் நேற்றைய ஆர்டர். பங்கு விலை பார்ப்பது நாளைக்கு வரப்போகும் ஆர்டரை.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஆனா ரோலர் பல் தீட்டுற பட்டறைக்கு எப்பவும் வேலை இருந்துச்சே?" என்றார்.

சரியான கேள்வி. விலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரோலர் பல் தேயத்தான் செய்யும். ஏற்கெனவே விற்ற மெஷின்களுக்கான சர்வீஸ், மேம்பாட்டு வருவாய் அறிக்கையில் தனி வரியாகவே இருக்கிறது; 2024இல் ஏஎஸ்எம்எல்லுக்கு அது சுமார் 650 கோடி யூரோ. மொத்த வருவாயை விட்டுவிட்டு நான் முதலில் தேடுவது இந்த வரியைத்தான்.

இன்னொன்று சீனா. 2024 முதல் இரண்டு காலாண்டுகளிலும் ஏஎஸ்எம்எல் மெஷின் விற்பனையில் 49 சதவீதம் அங்கேதான் போனது. ஏற்றுமதித் தடை இறுகினால் இந்தக் கணக்கே மாறிவிடும்.

இனி என் சொந்த ஏரியா. வெளிநாட்டுப் பங்கு ஒன்றே ஒன்று கையில் இருந்தாலும், விற்காவிட்டாலும், வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும். ஐடிஆர் 1 என்ற எளிய படிவம் உதவாது. அந்த அட்டவணைக்கு நிதியாண்டுக் கணக்கு இல்லை, டிசம்பரில் முடியும் காலண்டர் ஆண்டு. போன வருஷம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "மகன்தானே வாங்கிக் குடுத்தான்" என்று அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டார். திருத்திய படிவம் போட்டுச் சரிசெய்வதற்குள் இரண்டு பேருக்கும் தூக்கம் போச்சு.

கோத்தகிரிக்காரர் பத்து லட்சத்தை இரண்டு லட்சமாகக் குறைத்துக்கொண்டார். மீதியில் இந்த வருஷம் கவாத்துக் கூலி கொடுக்க வேண்டியிருக்கிறதாம்.