ஆமையை ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் வளர்க்கும் சிவப்புக்காது ஆமைக்கு 24 வயது. மூன்று வாரமாக இரை எடுக்கவில்லை. தண்ணீரில் விட்டால் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதக்கிறது. மற்ற நேரமெல்லாம் மூலையில் கண்ணை மூடிக் கிடக்கிறது. "ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்கிறார் மருத்துவர். 'ஊசியெல்லாம் எதுக்கு, குளிர் இரத்தப் பிராணிதானே, ஃபிரிட்ஜில் கொஞ்ச நேரம், அப்புறம் ஃப்ரீசரில் வைத்தால் தூக்கத்திலேயே போய்விடும்' என்கிறார் என் மைத்துனர். தானாகப் போகிற உயிரை நாம் ஏன் எடுக்க வேண்டும் என்பது அம்மாவின் கட்சி. யார் சொல்வதைக் கேட்பது?"

ஃபிரிட்ஜ் வேண்டவே வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் என்பதற்கு ஆமையின் உடம்புக்குள் கொஞ்ச தூரம் போக வேண்டும். அங்கே போனால் அம்மாவுக்கும் மருத்துவருக்கும் சொல்ல வேண்டிய பதிலும் கிடைத்துவிடும்.

அடிப்படை நாம் பள்ளியில் படித்ததுதான். நம் உடம்பு, சாப்பிட்டதில் பெரும்பங்கை எரித்துத் தன்னைச் சூடாக வைத்துக்கொள்கிறது. ஊர்வன அந்தச் செலவைச் செய்வதில்லை. வெயிலிலோ விளக்கடியிலோ படுத்து வெளியிலிருந்து சூடு வாங்கிக்கொள்கின்றன. அதனால் அதே எடையுள்ள பாலூட்டிக்குத் தேவைப்படும் ஆற்றலில் சிறு பங்கே அவற்றுக்குப் போதும். உடல் வெப்பம் 10 டிகிரி குறைந்தால் அந்தச் செலவும் பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ குறைந்துவிடும். செரிமானம், நோய் எதிர்ப்பு, மருந்து வேலை செய்யும் வேகம் எல்லாமே கூடச் சேர்ந்து இறங்கும்.

ஆக, குளிர்ந்து கிடக்கும் ஆமையும் சாகக் கிடக்கும் ஆமையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். முடிவெடுப்பதற்கு முன்னால் விளக்கைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். ஏறிக் காயும் கல்லின் மேல் வெப்பமானியை வைத்தால் 32 முதல் 35 டிகிரி காட்ட வேண்டும். தண்ணீர் 25 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். புற ஊதாக் கதிர் விளக்கு கண்ணுக்குப் பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் மாதங்கள் போகப் போக அதிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் தேய்ந்துபோயிருக்கும். சூட்டின் அருமையை 1970களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மாத்யூ குளூகர் குழு அழகாகக் காட்டியது. பாலைவன இக்குவானாக்கள் என்ற பல்லிகளுக்கு நோய்க்கிருமியைச் செலுத்தினார்கள். அவை நடந்துபோய் வழக்கத்தைவிடச் சூடான இடமாகப் பார்த்துப் படுத்துக்கொண்டன. உள்ளுக்குள் காய்ச்சலை உண்டாக்கிக்கொள்ள முடியாத பிராணி, காய்ச்சலைத் தேடிப் போகிறது! சூடான இடத்தில் வைக்கப்பட்டவை அதிகம் பிழைத்தன, குளிர்ந்த இடத்தில் வைக்கப்பட்டவை அதிகம் செத்தன. நோயாளி ஆமை விளக்கடிக்குப் போக முடியாமல் கிடந்தால், அதன் கைக்கு எட்டாத தூரத்தில் மருந்தை வைத்த மாதிரிதான்.

இன்னொன்று. ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதப்பது பல நேரம் நிமோனியாவின் அடையாளம். ஒரு நுரையீரலில் சளி நிறைந்தால் அந்தப் பக்கம் தாழும். ஆரம்பத்தில் பிடித்தால் இதற்கு மருத்துவம் உண்டு. எக்ஸ்ரே எடுக்காமல், சிறுநீரகத்தின் நிலையை அறிய இரத்தத்தில் யூரிக் அமிலமும் கால்சியமும் பாஸ்பரசும் பார்க்காமல், "வயசாகிவிட்டது" என்ற ஒற்றைச் சொல்லில் முடிவெடுத்துவிடக் கூடாது. வயசு ஒரு நோயே இல்லை. செயின்ட் ஹெலினா தீவில் ஜோனதன் என்ற பேராமை இருக்கிறது. 1832 வாக்கில் பிறந்திருக்கும் என்பது கணக்கு. கண்புரையால் பார்வை போய், மோப்பமும் போன பிறகும் கையால் ஊட்டிவிட்டு அதைப் பல ஆண்டுகள் நன்றாக வைத்திருக்கிறார்கள்.

சரி, எல்லாம் பார்த்தாயிற்று, சூடும் கொடுத்தாயிற்று, சிறுநீரகம் திரும்ப வராது என்று பரிசோதனை சொல்லிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இப்போது ஃபிரிட்ஜுக்கு வருவோம். எனக்கு மிகப் பிடித்த உடலியங்கியல் கதை இங்கேதான் இருக்கிறது.

வட அமெரிக்காவில் வண்ண ஆமை என்று ஒன்று உண்டு. உங்கள் சிவப்புக்காது ஆமைக்கு நெருங்கிய சொந்தம். குளிர்காலத்தில் குளத்தின் மேல்பரப்பு உறைந்துவிடும். ஆமை அடியில் சேற்றில் கிடக்கும். மேலே வந்து மூச்சு விட வழியில்லை, தண்ணீரில் கரைந்திருந்த ஆக்சிஜனும் தீர்ந்துவிடும். நம் மூளைக்கு நாலைந்து நிமிடம் ஆக்சிஜன் இல்லாவிட்டால் செல்கள் சாகத் தொடங்கும். இந்த ஆமை 3 டிகிரிக் குளிரில், ஆக்சிஜனே இல்லாமல், மூன்று மாதத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும். பிரவுன் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் ஜாக்சன் தன் ஆராய்ச்சி வாழ்க்கையின் பெரும்பகுதியை இந்தப் புதிரோடு கழித்தார்.

ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையை உடைத்தால் ஆற்றல் கொஞ்சம்தான் கிடைக்கும், கூடவே லாக்டிக் அமிலம் சேரும். ஆக ஆமைக்கு இரண்டு சிக்கல்கள்: வரவு குறைவு, கழிவு அதிகம்.

வரவு குறைந்தால் செலவைக் குறைக்க வேண்டும். குளிரில் ஏற்கெனவே அடங்கிய செலவை அதிலும் பத்தில் ஒரு பங்காக்குகிறது ஆமை. இதயம் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை துடிக்கும். மூளை செய்வதுதான் பெரிய வித்தை. நரம்பு செல் தன் ஆற்றலில் பாதிக்கு மேல் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் சவ்வுக்கு இப்பாலும் அப்பாலும் இறைப்பதிலேயே செலவழிக்கிறது. ஓட்டைப் படகில் தண்ணீரை இறைத்துக் கொட்டுவதுபோல. ஆக்சிஜன் நின்றதும் நம் செல்கள் இறைக்க முடியாமல் மூழ்குகின்றன. ஆமையின் செல்கள் ஓட்டைகளையே அடைக்கின்றன. அயனிகள் கசியும் வாசல்கள் பல சாத்தப்படுகின்றன. அடினோசின் என்ற வேதிப்பொருள் பெருகுகிறது, அப்புறம் காபா என்ற, நரம்புகளை அடக்கும் வேதிப்பொருள் பல மடங்கு உயர்கிறது. இறைக்க வேண்டிய தண்ணீரே குறைந்துவிட்ட பிறகு சின்ன வாளி போதுமே. மூளை செத்துப்போகாமல் தணிந்து காத்திருக்கிறது.

இனி அமிலம். நாம் உயிரைக் கொடுத்து ஓடி முடிக்கையில் இரத்தத்தில் லாக்டேட் லிட்டருக்கு 20 மில்லிமோல் சொச்சம் போகும், கால்கள் துவண்டுவிடும். குளிர்கால முடிவில் இந்த ஆமையின் இரத்தத்தில் 150-ஐத் தாண்டுகிறது. அந்த அமிலம் எந்தப் பிராணியையும் கொன்றிருக்க வேண்டும். ஆமை தன் ஓட்டைக் கரைத்துக் கொடுக்கிறது. ஓடும் எலும்பும் சேர்ந்து அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அவற்றிலிருந்து கால்சியம் கார்பனேட்டும் மெக்னீசியம் கார்பனேட்டும் இரத்தத்தில் இறங்கி அமிலத்தை முறிக்கின்றன. நெஞ்செரிச்சலுக்கு நாம் சுண்ணாம்புச் சத்துள்ள மாத்திரை சப்புகிறோமே, அதே வேதியியல். அதோடு நிற்காமல் லாக்டேட்டும் ஓட்டுக்குள்ளேயே போய்க் குடியேறுகிறது. மொத்த லாக்டேட்டில் கிட்டத்தட்டப் பாதியை ஓடும் எலும்பும் ஒளித்துவைத்திருப்பதாக அளந்தார்கள். வசந்தம் வந்து முதல் மூச்சு இழுத்ததும் எல்லாம் மெல்லத் திரும்பி வந்து எரிகிறது. கவசம் என்று நாம் நினைத்திருந்த ஓடு, உள்ளே ஒரு மருந்துப் பெட்டியாக இருந்திருக்கிறது! இதை முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது மைத்துனரின் யோசனையை எடுத்துக்கொள்ளுங்கள். குளிரையும் ஆக்சிஜன் இன்மையையும் தாங்குவதற்கென்றே உருவான உடம்பை ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்கிறார். அது அங்கே சாகாது, அசைவுதான் நிற்கும். தசை விறைத்து அசைய முடியாமல் போவதும் உணர்வு போவதும் ஒன்றல்ல. அந்த நிலையில் ஃப்ரீசருக்கு மாற்றினால் கை கால் நுனியிலிருந்து பனிப்படிகம் உருவாகிக்கொண்டு வரும், மூளை கடைசியாகத்தான் உறையும். அந்த நேரம் அதற்கு வலிக்கவில்லை என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. கரும்புத் தேரைகளில் நடந்த ஓர் ஆய்வு குளிர்விப்புக்கு ஆதரவாகப் பேசியது உண்மை. ஆனால் அது சிறிய, வேறு வகைப் பிராணி. அமெரிக்க கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டி, வளர்ப்பு ஊர்வனவற்றை இப்படி உறையவைத்துக் கொல்வதை ஏற்பதில்லை.

அம்மாவுக்கும் இதே உடம்புதான் பதில். நாயோ பூனையோ சாப்பாட்டை நிறுத்தினால் சில நாள், அதிகம் போனால் ஓரிரு வாரம். ஆமைக்கு அது மாதக்கணக்கு. செலவு அவ்வளவு குறைவு என்பதால் சிறுநீரகம் கெட்டு, யூரிக் அமிலம் மூட்டுகளில் ஊசி ஊசியாகப் படிந்து, ஒவ்வொரு அடியும் வலியாகி, அப்படியும் உயிர் நிற்கும். அம்மா நினைக்கும் அமைதியான சாவு அதற்குப் பல நேரம் வாய்ப்பதில்லை. அவருடைய தயக்கம் அன்பிலிருந்து வருவது, எனக்கும் அது இருந்தது. சமையலறைத் தராசில் வாரம் ஒரு முறை எடை போட்டு எழுதச் சொல்லுங்கள். தானே கல்லில் ஏறியதா, கழுத்தை நீட்டி வந்தவரைப் பார்த்ததா, இரையைத் துரத்தியதா என்று அதன் பழைய சந்தோஷங்கள் மூன்றைத் தினமும் குறித்து வரட்டும். ஒரு மாதத் தாளைப் பார்த்தால் அவருக்கே தெரியும்.

வலியைப் பற்றி ஒரு வார்த்தை, கொஞ்சம் ஆதங்கத்தோடு. ஊர்வன முகத்தைச் சுளிக்காது, கத்தாது. அதனால் வலிக்காது என்றே வெகுகாலம் நம்பினார்கள். மருந்து கொடுத்தவர்களும் பாலூட்டிகளின் கணக்கைத்தான் இரவல் வாங்கினார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கர்ட் ஸ்லாட்கி குழு சிவப்புக்காது ஆமைகளிலேயே சோதித்து 2007-ல் வெளியிட்டபோது, பரவலாகக் கொடுக்கப்பட்டுவந்த பியூட்டார்பனால் என்ற வலி மருந்து அவற்றின் வலியைக் குறைக்கவில்லை என்றும், மார்பின் குறைக்கிறது, ஆனால் மூச்சை மிகவும் அடக்குகிறது என்றும் தெரிந்தது. எத்தனை ஆமைகள் பயனில்லாத ஊசியோடு கிடந்திருக்கும்! ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனியாக இந்தச் சோதனை வேண்டும். பெரிய செலவுகூட இல்லை. பாலூட்டி ஆராய்ச்சிக்குப் போகும் பணத்தின் ஓரத்தைக் கிள்ளிக் கொடுத்தாலே போதும் என்பது என் உறுதியான எண்ணம்.

மருத்துவர் செய்வதும் இந்த உடம்பை அறிந்துதான். ஆமையைச் சூடாகவே வைத்திருப்பார், அப்போதுதான் மருந்து ஓடும். முதலில் மயக்க ஊசி. நன்றாக மயங்கி, காலைக் கிள்ளினாலும் இழுக்காத நிலை வந்த பிறகு இரத்தக் குழாயில் உயிரை முடிக்கும் பென்டோபார்பிட்டல் மருந்து. அதோடு முடிந்துவிட்டதாக விடமாட்டார். ஊர்வனவற்றின் இதயத்துக்கு மூளையின் கட்டளை தேவையில்லை, தன் தாளத்தைத் தானே போட்டுக்கொள்ளும். உடம்பிலிருந்து பிரித்த பிறகும் மணிக்கணக்கில் துடிக்கும். மூளையும் சட்டென்று அணைந்துவிடாது. வெட்டுண்ட பாம்புத் தலை வெகுநேரம் கழித்தும் கடிப்பதைப் பாம்பு பழிவாங்குகிறது என்கிறார்கள். அதில் வன்மம் எதுவும் இல்லை, குறைந்த ஆக்சிஜனில் காலம் தள்ளும் நரம்புகள்தான் இருக்கின்றன. அந்தக் கட்டுக்கதையால் எத்தனையோ பாம்புகள் தேவையில்லாமல் நசுக்கப்படுவது எனக்குத் தாங்காத விஷயம். இந்தக் காரணத்தால்தான் மருத்துவர் ஆழ்ந்த மயக்கத்திலேயே மூளை திரும்பவும் விழிக்க முடியாதபடி ஓர் இறுதிச் செயலையும் செய்வார். கேட்கக் கடினமாக இருக்கும். உங்கள் ஆமைக்கு அது தெரியாது. அந்தப் படி உண்டா என்று நீங்களே கேளுங்கள்.

நான் வளர்த்த ஆமைக்கு 22 வயதில் இப்படித்தான் ஆயிற்று. ஊசி போட்டு அரை மணி நேரம் கழித்து மருத்துவர் கழுத்துக்கும் முன்னங்காலுக்கும் நடுவிலுள்ள குழியில் ஜெல்லைத் தடவி, இரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியின் முனையை வைத்தார். சர்க்... நீண்ட இடைவெளி. சர்க். "இது இதயம் மட்டும்தான். அவள் போய்விட்டாள்" என்றார். உடனே புதைக்க வேண்டாம், நாளை வரை அறை வெப்பத்திலேயே இருக்கட்டும் என்று ஒரு துண்டில் சுற்றி வைத்துக்கொண்டார். மறுநாள் காலை போனேன். கால்கள் விறைத்திருந்தன. எனக்காக இன்னொரு முறை அதே குழியில் முனையை வைத்து, கருவியின் ஒலியை முழுக்கக் கூட்டினார். பத்து நிமிடம் இருவரும் நின்று கேட்டோம். கருவியின் இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. துண்டோடு சேர்த்து வாங்கிக்கொண்டேன்.