புரோஹைரெசிஸ்: தெரிவு

கிரேக்கத்தில் 'புரோ' என்றால் முன்; 'ஹைரெசிஸ்' என்றால் எடுத்துக்கொள்ளுதல். பலவற்றுள் ஒன்றை முன்னிறுத்தித் தெரிந்தெடுப்பது என்று பொருள். அரிஸ்டாட்டில் இச்சொல்லை, நன்கு ஆராய்ந்து ஒரு செயலைத் தேர்வதற்கு ஆண்டார். ஏறத்தாழ 400 ஆண்டுகள் கழித்து, ஸ்டோயிக் என்னும் பண்டைய கிரேக்க மெய்யியல் மரபைச் சேர்ந்த எபிக்டெட்டஸ் கையில் அதன் பொருள் விரிந்தது. நடந்ததை நல்லது, கெட்டது என்று மதிப்பிடுவதும் நம் தெரிவே. சினமும் அச்சமும் அந்த மதிப்பீட்டில்தான் பிறக்கின்றன என்றார். காலில் விலங்கு பூட்டலாம், என் புரோஹைரெசிஸைக் கடவுளர் தலைவன் ஜீயஸாலும் வெல்ல முடியாது என்று சொன்ன அவர், ரோமில் அடிமையாக வாழ்ந்தவர்.

இது நடக்கும் வரிசையைத் தெரிந்துகொண்டால்தான் சொல் பிடிபடும். முதலில் ஒரு தோற்றம், அதாவது ஒன்று நமக்கு எப்படித் தோன்றுகிறதோ அது, மனத்தில் படுகிறது. மனம் அதற்கு இசைகிறது, அல்லது மறுக்கிறது. இசைந்தால், செயலில் இறங்கத் தூண்டும் உந்துதல் எழுகிறது. ஸ்டோயிக் மரபைத் தொடங்கிய ஜீனோ இதைக் கையால் காட்டுவாராம்: விரித்த உள்ளங்கை தோற்றம், விரல்களைச் சற்றே மடக்கினால் இசைவு.

தெரிவுக்கு இடமிருப்பது அந்த இசைவில். பலர் இங்கேதான் தவறுகிறார்கள். படபடப்பே வரக்கூடாது என்று மனத்தோடு மல்லுக்கு நிற்கிறார்கள். கடற்புயலில் முகம் வெளுத்துப்போன ஒரு ஸ்டோயிக் அறிஞரைப் பற்றி ரோமானிய எழுத்தாளர் ஆலஸ் கெல்லியஸ் எழுதியிருக்கிறார். வெளுப்பது உடலின் இயல்பு, அது யாருக்கும் வரும்; 'இது பெருங்கேடு' என்று மனம் ஒப்புக்கொள்கிறதா என்பதே கேள்வி என்பது அந்த அறிஞரின் விளக்கம்.

எபிக்டெட்டஸ் தந்த பயிற்சி எளியது. கப்பல் மூழ்கியது. என்ன நடந்தது? கப்பல் மூழ்கியது. 'ஐயோ, கெட்டேன்' என்பது நாம் சேர்த்தது. நடந்ததை ஒரு வரியிலும் சேர்த்ததை அடுத்த வரியிலும் எழுதிப் பார்த்தால் இரண்டும் பிரிந்து நிற்கும். கோபம் தலைக்கேறிய பிறகு இதைத் தொடங்கினால் பயனில்லை. அதற்குள் மனம் இசைந்துவிட்டிருக்கும். சின்னச் சின்ன எரிச்சல்களில் பழகுவதே நல்லது.

தமிழில் 'விருப்பம்' என்று பெயர்ப்பது பிழை; விருப்பம் இசைவுக்குப் பின் வருவது. 'மனவுறுதி' விடாப்பிடியைத்தான் குறிக்கும். 'தேர்வு' என்றதும் பரீட்சை நினைவுக்கு வருகிறது. 'தெரிவு' மிகவும் பொருந்துகிறது: தெரிதல் என்பதற்கு அறிதல், ஆராய்தல், தேர்ந்தெடுத்தல் மூன்றும் பொருள். குறளின் 47ஆம் அதிகாரமான 'தெரிந்துசெயல்வகை'யில் வருவதும் இந்த ஆராயும் தெரிதலே. இலங்கைத் தமிழில் 'தெரிவு' அன்றாட வழக்கு. எழுதும்போது முதலில் ஒருமுறை கிரேக்கச் சொல்லைச் சேர்த்துக்கொண்டு, பிறகு 'தெரிவு' என்றே தொடரலாம்.