வேலையில் ஆண், பெண் பாகுபாடு: சட்டம் எதுவரை கைகொடுக்கும்?

சுங்கை சிப்புட் கடைத்தெருவில் ஒரு கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளைப் போன மாதம் பார்த்தேன். ‘ஜவாத்தான் கோசோங், வனித்தா சஹாஜா.’ வேலை காலி, பெண்களுக்கு மட்டும். எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவன் கணக்கியலில் டிப்ளோமா முடித்துவிட்டு எட்டு மாதமாக வேலை தேடுகிறான். அந்தத் தாளைப் படித்ததும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் மோட்டாரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டான். “ஆம்பளைக்குன்னு எந்தச் சட்டமும் இல்லையா அண்ணே?” என்று கேட்டான். இன்னொரு பக்கம், செம்பனை ஆலையில் வேலை கேட்டுப் போன பெண்களிடம் “ராத்திரி ஷிப்ட் இருக்கும்மா, பொண்ணுங்க சரிப்படாது” என்று வாசலிலேயே சொல்லி அனுப்புவதையும் இங்கே வருஷக்கணக்காகக் கேட்கிறோம்.

பையனுக்கு அன்றைக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். தீபகற்ப மலேசியாவில் நாம் முக்கியமாகப் பார்க்க வேண்டியது 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம். 2022இல் திருத்தப்பட்டு, 2023 ஜனவரி 1 முதல் புதிய விதிகள் நடப்பில் இருக்கின்றன.

அந்தத் திருத்தத்தில் 69எஃப் என்ற பிரிவு புதிதாக வந்தது. வேலையிடத்தில் பாகுபாடு நடந்ததாகத் தொழிலாளிக்கும் முதலாளிக்கும் தகராறு வந்தால், தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவு போடலாம். உத்தரவை மதிக்காத முதலாளிக்கு 50,000 வெள்ளி வரை அபராதம். தண்டனைக்குப் பிறகும் இழுத்தடித்தால் நாளொன்றுக்கு 1,000 வெள்ளி வரை கட்ட வேண்டும். இந்தப் பிரிவு ஆண், பெண் என்று பிரிக்கவில்லை. ஒரே வேலைக்குச் சம்பளம் குறைத்தாலும், பெண் என்பதற்காக மண்டோர் பதவி மறுத்தாலும், ஆண் என்பதற்காக அலுவலக வேலைக்கு மாற்றாமல் வெளிவேலையிலேயே வைத்திருந்தாலும் இதன் கீழ் புகார் கொடுக்கலாம்.

ஆனால் பிரிவு ‘தொழிலாளிக்கும் அவரது முதலாளிக்கும்’ இடையிலான தகராறைப் பற்றித்தான் பேசுகிறது. வேலைக்கு விண்ணப்பிப்பவர் இன்னும் தொழிலாளி ஆகவில்லை. ஆகவே கண்ணாடியில் ஒட்டிய அந்தத் தாளை எதிர்த்துப் பையன் இந்தப் பிரிவில் புகார் கொடுக்க முடியாது. ஆலை வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட பெண்ணுக்கும் அதே கதிதான். டீக்கடையில் ஆண்கள் ‘சட்டமெல்லாம் பொம்பளைங்களுக்குத்தான்’ என்று சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருப்பது இதனால்தான். கேட்டுக்கு வெளியே நிற்கும் இரண்டு பேரையுமே சட்டம் ஒரே மாதிரி கைவிட்டிருக்கிறது. இந்த ஓட்டையை அடைக்கச் சொல்லி இருவரும் சேர்ந்துதான் கேட்க வேண்டும்.

அரசு வேலை என்றால் நிலைமை வேறு. கூட்டரசு அரசியலமைப்பின் 8(2) பிரிவு, அரசுப் பதவி நியமனத்தில் பாகுபாடு கூடாது என்கிறது. 2001இல் அதில் ‘பாலினம்’ என்ற சொல்லையும் சேர்த்தார்கள். 2009இல் தற்காலிக ஆசிரியை வேலை கிடைத்த ஒரு பெண், கர்ப்பமாக இருப்பதாகச் சொன்னதும் வேலையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அவர் வழக்குப் போட்டார். ஷா ஆலம் உயர்நீதிமன்றம் 2011இல் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தனியார் நிறுவனத்துக்கு எதிராக இதே பிரிவைக் காட்ட முடியாது என்பது 2005இல் கூட்டரசு நீதிமன்றம் ஒரு விமானப் பணிப்பெண் வழக்கில் எடுத்த நிலை.

இரவு வேலைக்கு வருவோம். முன்பு, இலாகாவின் விலக்கு இல்லாமல் ஆலையிலோ தோட்டத்திலோ இரவு 10 முதல் காலை 5 வரை பெண்களை வேலை வாங்கக்கூடாது என்று சட்டமே சொன்னது. அந்தத் தடையை 2023இலிருந்து எடுத்துவிட்டார்கள். ‘சட்டம் விடாதும்மா’ என்று இன்னும் யாராவது சொன்னால், அது பழைய கதை.

ஆண்களுக்கு என்ன வந்தது என்பதை நம் தோட்டங்களில் பலர் கேட்டு வாங்குவதே இல்லை. தந்தையர் விடுப்பைத்தான் சொல்கிறேன். மனைவிக்குப் பிரசவம் ஆனால், திருமணமான ஆணுக்குச் சம்பளத்தோடு தொடர்ந்து 7 நாள் விடுப்பு உண்டு. அதே முதலாளியிடம் 12 மாதமாவது வேலை செய்திருக்க வேண்டும். பிரசவ நாளுக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், முடியாவிட்டால் குழந்தை பிறந்ததும் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம். ஐந்து பிரசவம் வரை கிடைக்கும்.

‘நான் டன் கணக்குக்குக் குலை வெட்டுறேன், எனக்கு எப்படிச் சம்பள விடுப்பு?’ என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கும் கணக்கு இருக்கிறது. போன சம்பள மாதத்தில் வாங்கிய கூலியை, வேலை செய்த நாள்களால் வகுக்க வேண்டும். 26 நாளில் 2,080 வெள்ளி என்றால் நாளுக்கு 80. ஏழு நாளுக்கு 560 வெள்ளி. கிராணி மேசையில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிக் கேளுங்கள்.

பெண்களுக்குப் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. கர்ப்பிணியை வேலையிலிருந்து நிறுத்துவதும் குற்றம். ஒப்பந்த மீறல், ஒழுங்கீனம், தொழிலையே மூடுவது ஆகியவை மட்டும் விதிவிலக்கு. இந்த 98 நாள் சம்பளத்தைக் கொடுப்பது சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ இல்லை, முதலாளியே. அதனால்தான் சில முதலாளிகள் கல்யாணமான இளம்பெண்ணை எடுக்கத் தயங்குகிறார்கள். இந்தச் செலவை எல்லா முதலாளிகளும் சொக்சோ போலச் சேர்ந்து கட்டும் ஏற்பாடு வந்தால், பெண்ணை எடுக்காமல் விட அவர்களுக்குக் காரணம் குறையும் என்பது என் எண்ணம்.

ஆண்கள் சொல்லும் ஒரு குறையில் நியாயம் இருக்கிறது. வருடம் 120 வெள்ளி கட்டிச் சேரும் சொக்சோவின் இல்லத்தரசிகள் காப்புத் திட்டத்தில் 55 வயதுக்குட்பட்ட பெண்கள் மட்டுமே சேரலாம். படுத்த படுக்கையான மனைவியைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருக்கும் கணவரை எங்கள் லயத்திலேயே எனக்குத் தெரியும். அவருக்கு அதில் இடமில்லை.

பாலியல் தொல்லைக்கு ஆண், பெண் வித்தியாசம் கிடையாது. ஆண் தொழிலாளியும் புகார் கொடுக்கலாம். முதலாளி விசாரிக்க மறுப்பதானால், புகார் கிடைத்த 30 நாளுக்குள் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும்.

சரி, புகாரை எங்கே கொடுப்பது? பக்கத்து ஊர் தொழிலாளர் அலுவலகத்தில். வக்கீல் வேண்டாம். நியமனக் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, அடையாள அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ‘பொம்பளைக்கு இவ்வளவுதான்’ என்று வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் அதை அழிக்காமல் படம் பிடித்து வையுங்கள். வாய்மொழியாகச் சொல்லியிருந்தால், அன்றைக்கே ஒரு நோட்டில் தேதி, நேரம், சொன்னவர், பக்கத்தில் இருந்தவர் எல்லாவற்றையும் எழுதி, அந்த நோட்டையும் கையோடு கொண்டு போங்கள்.