கப்ளிங், ஸ்பைடர்: தமிழில் பிணைப்பி, இடைத்திண்டு

“அண்ணாச்சி, லவ்ஜாய் கப்ளிங் ரப்பர் போயிட்டு, 95-க்கு ஒரு ஸ்டார் குடுங்க.” அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி பக்கத்து அரிசி ஆலைக்காரர் கடையில் இப்படித்தான் கேட்பார்.

மோட்டார் தண்டையும் கியர்பாக்ஸ் தண்டையும் சேர்க்கும் இரும்புத் துண்டுக்கு, நடுவில் ரப்பர் வைத்தது, ‘கப்ளிங்’ என்று பெயர். அது லத்தீனில் கட்டு, தளை என்று பொருள்படும் ‘கோப்புலா’விலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். ‘லவ்ஜாய்’ ஓர் அமெரிக்க நிறுவனத்தின் பெயர். 1927-ல் லூயிஸ் ரைஸ்ஃபீல்ட் உருவாக்கிய பல் வைத்த கப்ளிங்கை அந்த நிறுவனம் விற்றதால், இன்று யார் செய்தாலும் அந்த வகைக்கு அதுவே பெயர். 95 என்பது அளவு எண். 90-க்கும் 95-க்கும் ஒரே ரப்பர்தான்; 100-க்கு அது சேராது.

அகராதிகள் கப்ளிங்குக்கு ‘இணைப்பு’, ‘இணைப்பி’ என்கின்றன. குழாய்க் கடையில் இரண்டு பைப்பைச் சேர்க்கும் துண்டும் கப்ளிங்தான். அதற்கு இணைப்பி சரி. சுழலும் இரண்டு தண்டுகளுக்கு ‘பிணைப்பி’தான் பொருந்தும். தாமிரபரணிப் பாசன ஊர்களில் முன்பு சூடடிக்கும்போது (கதிரை மாடு மிதித்து நெல் பிரிக்கும்போது) மாடுகளைக் கழுத்தோடு கழுத்தாகக் கட்டிச் சுற்ற விட்டதற்குப் பெயர் பிணையல். மாடுகள் சேர்ந்தே சுற்றும், ஆனாலும் கயிற்றில் கொஞ்சம் தளர்வு இருக்கும். மோட்டார் தண்டும் கியர்பாக்ஸ் தண்டும் அப்படித்தான் ஓட வேண்டும்.

நடுவில் இருக்கும் ஆறு கால் ரப்பருக்கு, கடையில் ‘ஸ்டார்’ என்று கேட்பதற்கு, ஆங்கிலத்தில் ஸ்பைடர். ‘சிலந்தி’ என்று பெயர்த்தால் கடைக்காரருக்கு ஒன்றும் விளங்காது. ‘நெகிழி’ என்றால் பிளாஸ்டிக் என்றாகிவிட்டது. ‘இடைத்திண்டு’ என்பதே என் பரிந்துரை, ஏனென்றால் அது பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே திண்டாகக் கிடந்து அடியை வாங்குகிறது. தண்டுகளைப் பிணைப்பது இரும்புப் பற்கள். அதனால்தான் ரப்பர் கிழிந்த பிறகும் இரும்போடு இரும்பு மோதி, ‘டக் டக்’ என்று இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடுகிறதே என்று விட்டால் பல் தேயும், பேரிங் போகும்.

காப்பு மூடிக்குக் கீழே ரப்பர் கறுப்புப் பொடியாக உதிர்ந்து கிடந்தால் தண்டுகள் நேர்கோட்டில் இல்லை என்று அர்த்தம். கால் வெடித்து விறைத்திருந்தால் சூடு. உப்பிப் பிசுபிசுத்தால் எண்ணெய் அல்லது ரசாயனம். கால் அடியோடு பிய்ந்திருந்தால் சுமை மிகுதி. காரணத்தைச் சரிசெய்யாமல் போட்ட புது ரப்பரும் அதே மாதிரிதான் போகும்.

ஒரே பக்கம் சுற்றும் இயந்திரத்தில் ஆறு காலில் மூன்றுதான் சுமை தாங்கும். அந்த மூன்றும் லேசாகத் தேய்ந்ததும் திண்டை ஒரு கால் தள்ளிப் போட்டால் மீதி மூன்றும் வேலைக்கு வரும். காலின் கனம் பழைய கனத்தில் முக்கால் பங்குக்கு வந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும்.

மாற்றும்போது மெயினை அணைத்து, ஃபியூஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிணைப்பியைத் தண்டில் பிடித்திருக்கும் சிறு திருகான கிரப் ஸ்க்ரூவைத் தளர்த்தி, பிணைப்பியின் ஒரு பாதியைத் தண்டிலேயே பின்னுக்குத் தள்ளினால் திண்டு வெளியே வரும். சுத்தியலால் அடித்தால் அந்த அடி பேரிங்குக்குப் போகும். புதுத்திண்டை வைத்து இரண்டு பாதியையும் சேர்க்கும்போது இரும்பு முகங்கள் திண்டை நெருக்கக் கூடாது. பிறகு நேரான ஸ்கேலை இரண்டு பாதியிலும் படும்படி மேல், கீழ், இரண்டு பக்கம் என நான்கு இடத்தில் வைத்துப் பாருங்கள். நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் திண்டுக்குத் தண்டுகளின் ஏற்றத்தாழ்வு 0.38 மில்லிமீட்டரும் சாய்வு 1 டிகிரியும் கடைசி எல்லை. அதில் பாதிக்குள் கொண்டுவருவது நல்லது. சாய்வை ஃபீலர் கேஜால் (அளவு குறித்த மெல்லிய தகடுகள்) இடைவெளியை அளந்து காணலாம். ஏற்றத்தாழ்வு இருந்தால் மோட்டார் காலுக்கு அடியில் ஷிம் என்னும் மெல்லிய தகடு வைத்து, போல்ட்டை இறுக்கிய பின் மறுபடி அளக்க வேண்டும். இறுக்கும்போதே மோட்டார் நகரும்.

ரப்பரின் வகையிலும் கவனம் வேண்டும். யூரித்தேன் திண்டு நைட்ரைலைப் போல ஒன்றரை மடங்கு சுமை தாங்கும், ஆனால் 71 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஆகாது. ஈரச் சூட்டில் இளகிப் போகும். புழுங்கல் அரிசி ஆலையில் நெல் அவிக்கும் ஆவிப் பகுதிக்கு அது வேண்டாம், 100 டிகிரி வரை தாங்கும் நைட்ரைல் போதும். ஸ்டோர் பதிவேட்டில் ‘கப்ளிங் ரப்பர் 1’ என்று எழுதாமல், ‘பிணைப்பி 95, இடைத்திண்டு, நைட்ரைல், 1’ என்று தேதியோடு எழுதி வையுங்கள்.