முற்றத்து வெளிச்சமும் மூளைக்குள் ஒரு கடிகாரமும்

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு அறிவித்தபோது நான் செட்டிநாட்டுப் பள்ளத்தூர் வீட்டில் இருந்தேன். நான்கு நாள் லீவில் அப்பத்தாவைப் பார்க்க வந்தவன், அங்கேயே தங்கிவிட வேண்டியதாயிற்று. மாடி அறையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, வெக்கைக்குப் பயந்து ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, டியூப்லைட் வெளிச்சத்தில் ஆபீஸ் வேலை. முதல் வாரம் உற்சாகமாகத்தான் போனது. மூன்றாவது வாரத்தில் இரவு இரண்டு மணிக்கு முன்னால் தூக்கம் வரவில்லை. காலையில் பத்து மணிக்கு எழுந்தாலும் அடித்துப்போட்ட மாதிரி உடம்பு வலிக்கும். யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. நோய்ச் செய்திகளைப் பார்த்துப் பார்த்து வந்த சோர்வு என்றுதான் நினைத்தேன்.

ஆனால் அதே வீட்டில், அதே செய்திகளைக் கேட்டுக்கொண்டு, எண்பது வயது அப்பத்தா தெளிவாக இருந்தார். விடிந்ததும் வளவுக்கு, அதாவது முற்றத்தைச் சுற்றியுள்ள தூண் தாழ்வாரத்துக்கு வந்து, முற்றத்தைப் பார்த்தபடி தூணோரம் உட்காருவார். ஈரத்துணியில் சுற்றிவைத்த சாய ஓலைகளை ஒவ்வொன்றாக உருவி, ஒன்றின் மேல் ஒன்றை மாற்றி மாற்றிச் செருகிக் கொட்டான் என்ற ஓலைக்கூடை முடைவார். ஒருநாள் என்னைப் பார்த்து, "ராத்திரி பூரா மாடியில வெளக்கு எரியுது, பகல் பூரா ஜன்னல் சாத்திக் கெடக்கு. எது பகல், எது ராத்திரின்னு ஒடம்புக்கு எப்படி ராசா தெரியும்?" என்றார்.

சரியான கேள்வி.

நம் மூளையின் அடிப்பகுதியில், ஹைப்போதலாமஸில், இரண்டு கண்களின் நரம்புகளும் குறுக்கே சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே இரண்டு சின்ன நரம்புத் திரள்கள் இருக்கின்றன. இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 20,000 செல்கள்தான். இதுதான் உடம்பின் தலைமைக் கடிகாரம். எப்போது தூக்கம் வர வேண்டும், உடல் வெப்பம் எப்போது இறங்க வேண்டும், விழிப்புக்கு உதவும் கார்டிசால் ஹார்மோன் எப்போது ஏற வேண்டும் என்பதற்கெல்லாம் இது தாளம் போடுகிறது. செல்லுக்குள் சில மரபணுக்கள் புரதங்களைச் செய்ய, அந்தப் புரதங்களே திரும்பி வந்து அதே மரபணுக்களை அடக்க, இந்தச் சுற்று முடிய ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். இதைக் கண்டறிந்த மூவருக்குத்தான் 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

சிக்கல் அந்த 'ஏறத்தாழ'வில் இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு இந்தச் சுற்று 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் நீளம். தினமும் யாராவது முள்ளைத் திருத்தாவிட்டால் அது நாளுக்கு நாள் பின்தங்கிக்கொண்டே போகும். திருத்துவது காலை வெளிச்சம். கண்ணின் விழித்திரையில், பார்ப்பதற்கான செல்கள் போக, வெளிச்சத்தின் அளவை மட்டும் மூளைக்குச் சொல்லும் தனிச் செல்கள் உண்டு. அவற்றில் உள்ள மெலனாப்சின் என்ற நிறமி, வானத்தின் நீல ஒளிக்கு மிக நன்றாக விழித்துக்கொள்ளும். காலையில் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னால் இழுக்கும், இரவில் படுவது பின்னால் தள்ளும்.

எவ்வளவு வெளிச்சம் என்பதில்தான் நாம் ஏமாறுகிறோம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். டியூப்லைட் போட்ட அறையில் 200, 300 லக்ஸ் இருக்கும். மேகம் மூடிய நாளில்கூட வெட்டவெளியில் பல ஆயிரம் லக்ஸ் உண்டு, நல்ல வெயிலில் ஒரு லட்சம். இரண்டு வெளிச்சத்துக்கும் கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை, ஆனால் அந்தச் செல்களுக்குத் தெரியும். முற்றத்தோரம் உட்கார்ந்த அப்பத்தாவின் தலைக்கு எதிரே திறந்த வானம் இருந்தது. பகலெல்லாம் அரை இருட்டிலும், இரவில் கண்ணுக்கு நேரே எரியும் திரையோடும் இருந்த என் கடிகாரம் எந்தப் பக்கம் போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வெளிச்சம் மட்டுமல்ல, கூட்டமும் கடிகாரத்தைத் திருத்தும். இதைக் காட்டிய அருமையான சோதனை ஒன்று நமக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் அவருடைய குழுவினரும் குகையில் வாழும் பூச்சியுண்ணி வௌவால்களை ஆராய்ந்தார்கள். வெளிச்சம் எட்டாத குகைக்குள் ஒரு வௌவாலைக் கூண்டில் வைத்தார்கள். சுற்றிலும் மற்ற வௌவால்கள் மாலையில் கிளம்பி விடியலில் திரும்பிக்கொண்டிருந்த நாள்வரை, கூண்டிலிருந்ததும் அவற்றோடு ஒத்தே விழித்தது. கூட்டமே இல்லாத குகையில் வைத்தபோது அதன் நாள் தன்போக்கில் நழுவ ஆரம்பித்தது. 1978இல் இந்த முடிவுகள் வெளியாயின. அப்புறம் பல்கலைக்கழகத்திலேயே வெளிச்சமும் கடிகாரமும் எட்டாத அறை அமைத்து மனிதர்களையும் தங்கவைத்து ஆராய்ந்தார்கள். மனிதர்களுக்கு வெளிச்சம்தான் முதல் கைகாட்டி, ஆனால் சாப்பாட்டு நேரமும், நடமாட்டமும், மனிதச் சத்தமும் துணைக்கு வருகின்றன. ஊரடங்கு ஒரே நாளில் இவை அத்தனையையும் பறித்துக்கொண்டது. பஸ்ஸைப் பிடிக்க வேண்டாம், டீக்கடை இல்லை, கோயில் மணி கேட்டும் யாரும் கிளம்புவதில்லை. அந்த நாட்களில் பலர் "என்ன கிழமை என்றே தெரியவில்லை" என்று சொன்னதில் உண்மையான உடலியல் இருந்தது.

கடிகாரம் குலைந்தால் தூக்கம் குலையும். தூக்கம் குறைந்தவர்களுக்குத் தடுப்பூசி போட்ட பிறகு எதிர்ப்புப் புரதங்கள் குறைவாக உருவாவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். ஆகவே நோய்க்காலத்தில் தூங்குவதைச் சோம்பல் என்று யாரும் நினைக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

கொட்டானுக்கும் இதில் பங்கு உண்டு. மனம் வந்தால்தான் வேலை ஓடும் என்று நினைக்கிறோம். மனச்சோர்வுக்கான சிகிச்சைகளில் ஒன்று இதைத் திருப்பிப் போடுகிறது: சின்னதாக ஒரு வேலையைக் குறித்த நேரத்தில் தொடங்கவைத்தால், ஊக்கம் பின்னால் வந்து சேர்கிறது. அப்பத்தா மனநிலை பார்த்து ஓலையை எடுத்ததில்லை. விடிந்தது, எடுத்தார். ஓலை காய்வதற்குள் முடைந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இருந்தது.

செட்டிநாட்டு வீடு எல்லாருக்கும் வாய்க்காது. மொட்டை மாடியோ பால்கனியோ போதும், ஆனால் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் அரைமணி நேரம் வானத்தின் கீழே இருக்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் நிற்பது அதற்கு ஈடாகாது, வெளிச்சம் வெகுவாகக் குறைந்துவிடும். சூரியனை நேரே பார்க்கவும் கூடாது. தினமும் ஒரே நேரத்தில் யாருக்காவது போன் போட்டுப் பேசுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் மனம் இருண்டே கிடந்தால், வெளிச்சத்தை மட்டும் நம்பாமல் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் கட்டணமில்லாமல் பேசலாம்.

நான் மறுநாளே மடிக்கணினியை வளவுக்குக் கொண்டுவந்தேன். வெயில் ஏற ஏறத் தூண் நிழலோடு நாற்காலியையும் நகர்த்திக்கொள்வேன். பத்துப் பன்னிரண்டு நாளில் இரவு பதினொரு மணிக்கே கண் சொருக ஆரம்பித்தது. ஒருநாள் காலை அப்பத்தாவுக்கு முன்னால் எழுந்து, ஓலைக்கட்டை நான் நனைத்துவைத்தேன். அவர் வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "தண்ணி கூடிப்போச்சு" என்று சொல்லி அதை வெயிலில் விரித்தார்.